தெளிந்த வானமா, மாறும் வானமா: சூரிய வெப்பச் சேகரிப்பானைச் சோதிக்கும் இரு முறைகள்

வெயிலால் நீரைச் சூடாக்கும் சூரிய வெப்பச் சேகரிப்பானின் திறனை அளக்க ஐ.எஸ்.ஓ. 9806 என்ற பன்னாட்டுத் தரநிலை இரண்டு வழிகளை ஏற்கிறது. ஒன்று நிலைத்தநிலைச் சோதனை, மற்றது அரை இயங்குநிலைச் சோதனை.

முதல் முறைக்கு அடிப்படை, ஆய்வாளர்கள் ஹாட்டெலும் வில்லியரும் 1958-இலும் பிளிஸ் 1959-இலும் வகுத்த வெப்பச் சமன்பாடு. கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 700 வாட்டுக்கு மேலிருந்து, வானிலும் மேகத்திலும் சிதறி வரும் பரவிய ஒளியின் பங்கு 30 விழுக்காட்டுக்குள் அடங்கி, நீரோட்டமும் நுழைவு வெப்பநிலையும் அசையாமல் நிற்கும் நேரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளக்கிறார்கள். இப்படி நான்கு நுழைவு வெப்பநிலைகளில் அளந்தால் மூன்று எண்கள் கிடைக்கும்: இழப்பே இல்லாதபோதுள்ள உச்சத் திறன், இரண்டு வெப்ப இழப்புக் கெழுக்கள். இவை முறையே 0.75, 4, 0.012 என்று கொள்வோம். 800 வாட் வெயிலில், சேகரிப்பானிலுள்ள நீரின் சராசரி வெப்பநிலை வெளிக்காற்றைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால், திறன் 0.75 − (4 × 40 ÷ 800) − (0.012 × 40 × 40 ÷ 800), அதாவது ஏறத்தாழ 53 விழுக்காடு. காகிதத்திலேயே போட்டுச் சரிபார்க்கக்கூடிய இந்தத் தெளிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது வெயில் நேராக விழும் பொழுதை மட்டுமே சொல்கிறது. சாய்வெயிலில் என்ன ஆகும், காலையில் சூடேற எவ்வளவு வெப்பம் செலவாகும் என்பவற்றுக்குத் தனிச் சோதனைகள் வேண்டும்.

மேகம் மிகுந்த வட ஐரோப்பாவில் தெளிந்த வானத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. சுவீடனின் பெங்ட் பெரெஸ் 1990-களில் வளர்த்தெடுத்த அரை இயங்குநிலை முறை, மேகம் வந்து போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நேர்க்கதிர், பரவிய ஒளி, படுகோணம் (வெயில் விழும் கோணம்), சேகரிப்பானின் வெப்பக் கொள்ளளவு ஆகியவற்றின் பங்கைப் பலமாறித் தொடர்புப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் கணக்கீடு ஒரே தரவுத் தொகுப்பிலிருந்து பிரித்துத் தருகிறது. நுழைவு வெப்பநிலையும் நீரோட்டமும் அப்போதும் நிலையாக இருக்க வேண்டும். பெயரில் 'அரை' என்று இருப்பது அதனால்தான்.

வெப்பம் வெளியேறாதபடி உள்ளே காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களாலான சேகரிப்பானில், அதாவது வெற்றிடக் குழாய்களில், இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். உருளை வடிவக் குழாய்க்குப் பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது, ஒரு கோணம் வரை அதன் ஒளியேற்பு நேர்வெயில் மதிப்பையும் மிஞ்சும்; நேர்வெயில் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆதாயம் தெரியவே தெரியாது. ஆயினும் தட்டைச் சேகரிப்பானுக்குப் போதுமான ஒற்றைக் கோணச் சூத்திரம் இங்கே பொருந்தாது. குழாயின் குறுக்கிலும் நெடுக்கிலும் கோணத் திருத்தத்தைத் தனித்தனியே காண வேண்டும்.

இரண்டாம் முறையின் உண்மையான ஆபத்து கணக்கீட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. சோதனை நாள்கள் யாவும் ஒரே மாதிரி அமைந்துவிட்டால், ஒன்றோடொன்று சேர்ந்தே மாறும் காரணிகளைக் கணக்கீட்டால் பிரிக்க முடியாது. காற்றால் நேர்ந்த இழப்பு வெப்பநிலையின் தலையில் விழும், வளைகோடு மட்டும் அழகாகப் பொருந்தி நிற்கும். ஆகவே மூடிய வானம், தெளிந்த வானம், காலை, மாலை என நாள்கள் வேறுபட்டிருப்பதை அறிக்கை காட்ட வேண்டும். தெளிந்த வானமோ செயற்கைச் சூரிய விளக்கோ கைவசமுள்ள இடத்தில், கண்ணாடி மூடிய தட்டைச் சேகரிப்பானுக்கு நான் முதல் முறையையே தேர்வேன். குழாய்களுக்கும் ஒளிகுவிக்கும் வகைகளுக்கும் இரண்டாவதை.

இரு அறிக்கைகளை ஒப்பிடுமுன் ஒரு மாற்றம் அவசியம். அரை இயங்குநிலைச் சோதனை தரும் உச்சத் திறன் நேர்க்கதிருக்கு மட்டும் உரியது. அது 0.77 ஆகவும் பரவிய ஒளிக்கான திருத்தம் 0.90 ஆகவும் இருந்தால், 85 பங்கு நேர்க்கதிரும் 15 பங்கு பரவிய ஒளியும் கலந்த வெயிலில் அது ஏறத்தாழ 0.76 ஆகும். பரப்பையும் பார்க்க வேண்டும்: தரநிலையின் 2017 பதிப்பு சேகரிப்பானின் சட்டத்தையும் சேர்த்த மொத்தப் பரப்பைக் கொள்கிறது, பழைய அறிக்கைகளிலோ ஒளி நுழையும் பரப்பே பெரும்பாலும் அடிப்படை.