பேரனை மட்டும் கூட்டிட்டுப் போறப்போ கேரவனா, கார்ல போய் கேம்ப்பா?

பெங்களூர்ல எங்க வயசுக்காரங்க நாலு பேர் சேர்ந்தா இப்போ கேரவன் பேச்சு வராம இருக்கறதில்ல. பெத்தவங்களுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்காது, ஸ்கூலுக்கு லீவு விட்டுடுவாங்க, சரி நாமளே பிள்ளைய எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்னு தோணும், அப்போ வாடகைக்குக் கிடைக்கற அந்தப் பெரிய வண்டியோட போட்டோவ யாராவது காட்டுவாங்க, உள்ள கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும், பார்த்த உடனே ஆசை வந்துடும். எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் அறுபது தாண்டியாச்சு, பேரனுக்கு ஏழு வயசு, ரெண்டு விதமாவும் போய்ப் பார்த்தாச்சு. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன்: பிள்ளைக்கு அஞ்சு வயசுக்குள்ளன்னா கேரவன், அதுக்கு மேலன்னா சொந்தக் கார்ல கிளம்பி, ரெடியா டென்ட் போட்டு வெச்சிருக்கற கேம்ப்ல போய் இறங்கிடறது.

கேரவன்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது பாத்ரூம்தான், அத வெளிப்படையா சொல்றதுக்கு என்ன கூச்சம். பிபிக்கு நீர் பிரிய மாத்திரை போடறவங்க, சுகர் இருக்கறவங்க, ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கற ஆம்பளைங்க, இவங்களுக்கெல்லாம் ரெண்டு மணி நேரம் கார்ல உக்காந்து வர்றதே பெரிய விஷயம். பொம்பளைங்க நிலைமை இன்னும் மோசம், வழியில நிறுத்தணுமேன்னு காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம வருவாங்க, அது உடம்புக்கு எவ்வளவு கெடுதல். கேரவன்ல அந்தக் கவலையே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு பிள்ளை எழுப்பினாக்கூட டார்ச் எடுத்துக்கிட்டு இருட்டுல வெளிய போக வேண்டாம். இன்சுலின் வெக்க ஃப்ரிட்ஜ், பால் காய்ச்ச அடுப்பு, அவன் பழகின ரசம் சாதத்த நாமளே பண்ணிக் குடுக்கலாம். சின்னக் குழந்தைங்களுக்கு கேரவன்னு நான் சொல்றது இதுக்காகத்தான், அவங்களுக்கு வேண்டியது சாப்பாடு, தூக்கம், பாத்ரூம், இந்த மூணும் அதுல கைக்கெட்டற தூரத்துல இருக்கு.

ஆனா அந்த பாத்ரூமுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. வண்டிக்கு அடியில நல்ல தண்ணிக்கு ஒரு டேங்க், சிங்க்லயும் குளிக்கற இடத்துலயும் போற தண்ணிக்கு ஒண்ணு, டாய்லெட்டுக்கு தனியா ஒண்ணு. அமெரிக்காவுல ஆர்வின்னு சொல்ற இந்த மாதிரி வண்டிங்க தங்கற கேம்ப்கிரவுண்டுகள்ல பல இடத்துல வண்டிய நிறுத்தின இடத்துலயே தண்ணி பைப், கரண்ட் பாயிண்ட், கழிவு வெளியேற்றற குழாய் எல்லாம் போட்டு வெச்சிருப்பாங்க, அதனால அங்க ரிட்டயர் ஆனவங்க ரெண்டே பேர் மாசக்கணக்குல சுத்தறாங்க. இங்க அப்படிப்பட்ட இடம் ரொம்பக் கம்மி. பக்கத்துல கேரளா 2021ல கேரவன் டூரிசத்துக்குன்னு தனியா பாலிசியே கொண்டு வந்துச்சு, இருந்தாலும் நம்ம பக்கம் கிளம்பறவங்க எங்க தண்ணி ரொப்புவாங்க, எங்க டேங்க காலி பண்ணுவாங்கன்னு வண்டிக்காரங்ககிட்ட முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கணும். பேரன் பல் தேய்க்கறப்போ குழாயத் திறந்து விட்டுட்டு கண்ணாடி முன்னாடி நுரையோட மூஞ்சிய அஷ்டகோணலா பண்ணிக்கிட்டு நிப்பான், டேங்க்ல எவ்வளவு தண்ணி மிச்சம்னு காட்டற செவுத்து மீட்டர்ல ஒவ்வொரு லைட்டா அணையும், ‘டேய் கண்ணா, குழாய மூடுடா’ன்னு தாத்தா ஓடி வருவார். ரெண்டு நாளும் இப்படியே போகும்.

கரண்டும் அதே மாதிரிதான், ஏசியையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துப் போட்டா இன்வெர்டர் தாங்காது, வெளிய ப்ளக் பாயிண்ட் இல்லாத இடத்துல ராத்திரி முழுக்க ஏசி ஓடும்னு யாரும் நம்ப வேண்டாம். ஏறி இறங்கற படி சில வண்டிகள்ல முழங்கால் உயரத்துக்கு இருக்கும், மூட்டு வலி இருக்கறவங்க வீட்டுலேர்ந்து ஒரு முக்காலி எடுத்துட்டுப் போறது நல்லது. டிரைவர் தலைக்கு மேல இருக்கற மாடிப் படுக்கைதான் எந்தப் பிள்ளைக்கும் வேணும், அதுக்கு கம்பித் தடுப்போ வலையோ இல்லன்னா படுக்க விடாதீங்க.

இதெல்லாத்தையும் விட எனக்கு பயம் ஓடற வண்டில பிள்ளை எழுந்து நடக்கறது. உள்ள வீடு மாதிரி இருக்கறதால கட்டில்ல குதிக்கத் தோணும், நாமளும் படுத்துட்டு வரட்டுமேன்னு விட்டுடுவோம். சட்டப்படி 14 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லன்னா 1,000 ரூபாய் ஃபைன், ஆனா ஃபைனா பெரிசு? மாடு குறுக்க வந்து டிரைவர் ஒரு பிரேக் அடிச்சார்னா போதும். புக் பண்றதுக்கு முன்னாடி முன்பக்கம் பார்த்த மாதிரி, பெல்ட்டோட எத்தனை சீட் இருக்குன்னு கேளுங்க, நிறைய வண்டில சோபா பக்கவாட்டுல இருக்கு, அதுல உக்காந்தா மலைப்பாதைல பிள்ளைக்கு குமட்டல் வந்துடும். இஞ்சி மொரப்பா கைவசம் இருக்கட்டும், மாத்திரை குடுக்கறதுன்னா டாக்டர் சொன்னா மட்டும்.

வண்டி 7,500 கிலோவுக்கு மேல போனா கார் லைசென்ஸ்ல ஓட்ட முடியாது, அதனால பெரிய கேரவன் டிரைவரோடதான் வரும். அது நமக்கு நிம்மதி, ஆனா அந்த மனுஷன் ராத்திரி எங்க படுப்பார்னு யாரும் யோசிக்கறதில்ல, அத பேசி முடிச்சுட்டுத்தான் கிளம்பணும், சாப்பாடும் நம்மளோடதான் குடுக்கணும், பகல் பூரா நம்ம பிள்ளையோட உசுரு அவர் கைலதானே இருக்கு.

எங்க நிறுத்தறதுங்கறது அடுத்த சிக்கல். பந்திப்பூர் காட்டு ரோட்ல ராத்திரி ஒன்பதுலேர்ந்து காலை ஆறு வரைக்கும் போக்குவரத்து தடை, 2009லேர்ந்தே இருக்கு, மெதுவா போற வண்டில லேட்டா கிளம்பினா செக்போஸ்ட்ல மாட்டிக்குவோம், காட்டுக்குள்ள ஓரமா நிறுத்தித் தங்கறதெல்லாம் கூடவே கூடாது. ஊட்டின்னா 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வேணும், மசினகுடி வழியா கல்லட்டி ஏறினா 36 கொண்டை ஊசி வளைவு, பெரிய வண்டிக்கு அந்தப் பக்கம் நினைச்சே பாக்க வேண்டாம். சிக்மகளூர், சக்லேஷ்பூர்ப் பக்கம் காபி எஸ்டேட்ல நிறுத்தறது நல்லா இருக்கும், ஆனா உள்ள போற மண் ரோடும் தாழ்வா தொங்கற கரண்ட் கம்பியும் வண்டி உயரத்துக்கு சரிப்படுமான்னு எஸ்டேட்காரங்ககிட்ட முன்னாடியே போன்ல கேட்டுக்கணும்.

இப்போ கேம்ப் பக்கம் வரேன். கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் 1980லேர்ந்து இருக்கு, பீமேஷ்வரியில காவிரிக் கரையிலயே அவங்களுக்கு கேம்ப் இருக்கு, கனகபுரா ரோட் வழியா போனா சுமார் 100 கிலோமீட்டர்தான். காலைல சீக்கிரம் கிளம்பி, மொளகாப்பொடி தடவின இட்லிய வழியில ஒரு மரத்தடில நிறுத்தி சாப்பிட்டுப் போனா நிதானமா போய்ச் சேரலாம். தலைக்கு இவ்வளவுன்னு பேக்கேஜ் காசு, அதுல தங்கறது, சாப்பாடு, பரிசல் எல்லாம் வந்துடும். கேரவனோட வாடகைய மட்டும் பார்த்துட்டு இது ஜாஸ்தின்னு நினைக்காதீங்க, அங்க டிரைவர் பேட்டா, டோல், கிலோமீட்டர் லிமிட் தாண்டினா தனிக் காசு, நிறுத்தற இடத்துக்குக் காசு, இதெல்லாம் சேரும்.

ஏழு வயசுப் பையனுக்கு நான் ஏன் இதச் சொல்றேன்னா, அவனுக்கு ஆள் வேணும், ஓட இடம் வேணும். கேரவன்ல சமையலும் நாமதான், பாத்திரமும் நாமதான், விளையாட்டுக் காட்டறதும் நாமதான், சாயங்காலம் நாலு மணிக்கு நமக்கு கண்ணு சொக்கறப்போதான் அவனுக்கு தெம்பு ஏறும். கேம்ப்ல காட்டப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய் மரம் மரமா காட்டுவார். அந்தப் பக்கத்துக் காட்டுல சாம்பல் நிறப் பெரிய அணில் இருக்கு, எல்லா இடத்துலயும் பாக்க முடியாதது, எங்க பையன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துட்டே நின்னான், வால் மட்டும் கிளைலேர்ந்து கீழ தொங்கிட்டு இருந்துச்சு, அது அசைஞ்சப்போ என் புடவைய இழுத்து ‘பாட்டி, பேசாதீங்க’ன்னான். நாங்க பண்ண வேண்டியது பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கறது மட்டும்தான்.

ஒரே விஷயத்துல கண்டிப்பு வேணும், அது ஆறு. காவிரியில அந்தப் பக்கம் முதலை இருக்கு, சுழல் இருக்கு, மேலேர்ந்து தண்ணி திறந்து விட்டா மட்டம் சட்டுனு ஏறும். கரைல கால் நனைக்கறதுகூட கேம்ப் ஆளுங்க சொல்ற இடத்துல மட்டும், பரிசல்ல லைஃப் ஜாக்கெட் இல்லாம பிள்ளைய ஏத்தவே கூடாது, தாத்தாவும் போட்டுக்கணும். ராத்திரி டென்ட்லேர்ந்து பாத்ரூம் எவ்வளவு தூரம்னு புக் பண்றப்பவே கேளுங்க, ஒட்டினாப்ல இருக்கற டென்ட்டையோ மரக் குடிலையோ வாங்குங்க. இது கிடைச்சுட்டா கேரவனோட பெரிய ப்ளஸ் பாயிண்ட்டே இங்கயும் வந்துடுது.

சின்ன கேம்பர் வேன் ஒண்ணு வாடகைக்கு வருது, நாமளே ஓட்டற மாதிரி, அது இளவட்டங்களுக்கு சரி. குனிஞ்சு நிமிர்ந்து படுக்கைய மடிச்சு விரிக்கறது நம்ம முதுகுக்கு ஆகாது, பாத்ரூமும் பெரும்பாலும் இருக்காது.

கார் ஓட்ட முடியாதவங்க ரயிலையும் யோசிக்கலாம். யஷ்வந்த்பூர்லேர்ந்து மங்களூர் போற பகல் ரயில்ல 2021 ஜூலைல விஸ்டாடோம் கோச் போட்டாங்க, கூரைலயும் கண்ணாடி, சீட்ட ஜன்னல் பக்கம் திருப்பிக்கலாம், சக்லேஷ்பூருக்கு அப்புறம் 55 கிலோமீட்டர் மலைப்பாதைல 57 குகை வரும், பிள்ளைக்கு எண்ணிக்கிட்டு வர வேலை இருக்கும். சுப்ரமண்யா ரோட் ஸ்டேஷன் நெட்டணாவுல இருக்கு, அங்கருந்து ஆட்டோ புடிச்சு குக்கே கோயில் போய் ராத்திரி தங்கி அடுத்த நாள் திரும்பலாம். அந்தப் பாதைல அப்பப்போ ரிப்பேர் வேலைக்காக ரயில நிறுத்துவாங்க, ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி நம்ம தேதில ஓடுதான்னு பார்த்துக்கோங்க.