பழைய காற்றாலை: பழுது பார்ப்பதா, பிடுங்கிப் புதிதாக நடுவதா?

"அமெரிக்காவில் 14,000 காற்றாலைகளை அப்படியே கைவிட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு பத்தாண்டுக்கும் மேலாகச் சுற்றுகிறது. அதில் அடிக்கடி அடிபடும் பெயர், ஹவாய்த் தீவின் தென்முனையில் இருந்த கமாவோவா காற்றாலைப் பண்ணை. அங்கே 1987இல் தலா 250 கிலோவாட் திறனில் 37 காற்றாலைகள் நிறுவப்பட்டன. 2006இல் அவை நின்றுபோனதும், துருப்பிடித்துக் கிடந்ததும் உண்மை. ஆனால் 2012இல் அவற்றை அகற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2007இல், அருகில் பாகினி நூயி பண்ணை வந்துவிட்டது: தலா 1.5 மெகாவாட்டில் வெறும் 14. மொத்தத் திறன் பழையதைப் போல இரு மடங்குக்கும் மேல். கதையின் இந்த மறுபாதியை யாரும் சொல்வதில்லை.

காற்றாலையை வழக்கமாக 20 ஆண்டு உழைப்புக்கு வடிவமைக்கிறார்கள். அதன் பிறகும் விரிசல், போல்ட், கியர்பாக்ஸ் எல்லாம் சோதித்து ஓட்டலாம்; இது முதல் வழி. செலவு குறைவு. ஆனால் 1980களின் தயாரிப்பாளர்கள் பலர் இன்று இல்லை; உதிரிபாகம் கிடைக்காத எந்திரம் ஒருநாள் நின்றே தீரும்.

இரண்டாவது வழி, கோபுரத்தையும் அடித்தளத்தையும் விட்டுவிட்டு, இறக்கை, கியர்பாக்ஸ் போன்றவற்றை மாற்றுவது. அமெரிக்க வரிவிதிப்படி, தக்கவைக்கும் பழைய பாகங்களின் மதிப்பு மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது புதிய காற்றாலையாகவே கணக்காகி, பத்தாண்டு வரிச்சலுகைக்கு மீண்டும் தகுதி பெறும். அதனால்தான் பத்தே வயதான காற்றாலைகளுக்குக்கூட அங்கே இறக்கை மாற்றுகிறார்கள். என்றாலும், பழைய கோபுரம் தாங்கும் அளவுக்குத்தான் இறக்கையை நீட்ட முடியும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவது. இறக்கையின் நீளம் இரட்டித்தால் அது வீசும் பரப்பு நான்கு மடங்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. உயரே போகப்போக காற்று வலுக்கும். ஆகவே உயரமான கோபுரத்தில் நீளமான இறக்கை வைத்தால் சில காற்றாலைகளே போதும். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் கோல்டன் ஹில்ஸ் திட்டம் 775 பழைய காற்றாலைகளை எடுத்துவிட்டு 48 மட்டும் நட்டது. திறன் சுமார் 86 மெகாவாட். பருந்துகளும் கழுகுகளும் அடிபட்டுச் சாகும் இடம் என்று பெயரெடுத்த மலை அது. அங்கே கோபுரங்கள் இத்தனை குறைந்தது எனக்குப் பெரிய ஆறுதல். புது அடித்தளம், புது அனுமதி, பெரும் முதலீடு எல்லாம் வேண்டும் என்பது உண்மைதான்.

எதுவும் வேண்டாமென்றால் முறையாகக் கழற்றிவிடலாம். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் வின்டபியை, 1991இல் நட்ட 11 காற்றாலைகளையும், 2017இல் அப்படித்தான் அகற்றினார்கள். கழற்றும் செலவுக்கான பணத்தை நடும்போதே ஈடாகக் கட்டவைத்தால், உரிமையாளர் நொடித்துப்போனாலும் கோபுரம் துருப்பிடித்து நிற்காது.

கழற்றிய கோபுரத்தின் இரும்பு, உருக்காலைக்குப் போய்விடும். கண்ணாடி இழையாலான இறக்கைதான் சிக்கல். மறுசுழற்சி கடினம், பல மண்ணில் புதைக்கப்படுகின்றன. வரிச்சலுகைக்காகப் பத்தாண்டிலேயே இறக்கையைக் கழற்றும் இரண்டாவது வழியை நான் தயங்கி ஏற்பது இதனால்தான்.