பிலிப்பைன்ஸ் மனைவிக்கு பாஸ்போர்ட்ல அப்பா பேரா, புருஷன் பேரா?

2018-ல பிலிப்பைன்ஸ்ல, செபுவுல எங்க கல்யாணம் முடிஞ்சு ரெண்டு நாள்கூட ஆகல, மாமியார் கேட்ட மொத கேள்வி "பாஸ்போர்ட்ல பேர் எப்ப மாத்தப் போறீங்க". அங்க அது ரொம்ப சகஜம், கல்யாணம் ஆனா பொண்ணு புருஷன் குடும்பப் பேருக்கு மாறிடுவா, மாறாம இருந்தா ஏதோ சண்டைன்னு நினைச்சுக்குவாங்க. நாங்க ஒரு மாசம் யோசிச்சுட்டு மாத்த வேண்டாம்னு முடிவு பண்ணோம். இதே கேள்வியோட ரெண்டு மூணு பேர் என்கிட்ட வந்துட்டாங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். எங்க அனுபவம் அமெரிக்கா கிரீன் கார்டு ரூட் மட்டும்தான், அதை மனசுல வச்சுப் படிங்க.

மொதல்ல அங்க பேர் எப்படின்னு பாத்துடுவோம். சொந்தப் பேர், நடுவுல அம்மாவோட பொறந்த வீட்டுக் குடும்பப் பேர், கடைசில அப்பாவோட குடும்பப் பேர். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா வழிப் பேர் கழண்டுடும், அப்பா பேர் நடுவுக்கு வரும், கடைசில புருஷன் பேர் வந்து உக்காரும். உதாரணத்துக்கு (எங்க உண்மைப் பேரெல்லாம் வேண்டாம், கடைசி வரைக்கும் இந்தப் பேர்களையே வச்சுக்கறேன்) மேரி க்ரேஸ் வில்யனுவேவா டெலா க்ரூஸ்னு ஒரு பொண்ணு செந்தில்குமார் முருகேசனைக் கட்டிக்கிட்டா மேரி க்ரேஸ் டெலா க்ரூஸ் முருகேசன் ஆயிடுவா. இதுல முருகேசன் யாரு? செந்திலோட அப்பா! நம்மகிட்ட குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, பாஸ்போர்ட் கட்டத்தை நிரப்பணுமேன்னு அப்பா பேரைப் போட்டிருக்கோம். நம்ம வழக்கப்படி பொண்டாட்டிக்கு புருஷன் பேர்தான் இனிஷியலா வரும், இங்க மாமனார் பேர் போய் ஒட்டிக்குது. இதை என் மனைவிக்கு வெளக்கறதுக்கே எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, கட்டாயம் இல்ல. பிலிப்பைன்ஸ் சிவில் கோட் 370-ஆவது பிரிவுல "பயன்படுத்தலாம்"னுதான் இருக்கு. தன் பேரோட புருஷன் குடும்பப் பேரைச் சேர்த்துக்கலாம், அப்பா பேரை எடுத்துட்டு புருஷன் பேரை வச்சுக்கலாம், இல்லன்னா மிஸஸ் போட்டு புருஷனோட முழுப் பேரையும் போட்டுக்கலாம். எதுவும் வேண்டாம்னா பொறந்த பேரே போதும். அங்க படிச்சவங்கள்லயே நிறைய பேர் இதைக் கட்டாயம்னு நம்பிட்டு இருக்காங்க.

அப்பா பேரையும் புருஷன் பேரையும் நடுவுல கோடு போட்டுச் சேர்க்கற வழியை நாங்க ரொம்ப யோசிக்கல. டெலா க்ரூஸ்ங்கிறதே ரெண்டு வார்த்தை, அமெரிக்க ஃபார்ம்ல பாதி நேரம் "டெலா"வை நடுப் பேர்ல தூக்கிப் போட்டுடறாங்க, அதுல இன்னொரு பேரையும் சேர்த்தா ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் ஒவ்வொரு மாதிரி டைப் ஆகும்.

இப்போ உடனே மாத்தறதா, அப்படியே விடறதாங்கறது. விசா விஷயத்துல நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கு, பேர் மாத்தலன்னா கல்யாணம் நிஜம்னு தூதரகம் நம்பாதோன்னு. அப்படி ஒண்ணும் இல்ல. மனைவியைக் கூட்டிட்டு வர புருஷன் போடற ஐ-130 மனுவுக்கு வேண்டியது பி.எஸ்.ஏ. (பிலிப்பைன்ஸ் அரசோட பிறப்பு, கல்யாணப் பதிவு ஆபீஸ்) கொடுக்கற கல்யாண சர்டிஃபிகேட், சேர்ந்து இருக்கறதுக்கான ஆதாரம், போட்டோ, பணம் அனுப்புன ரசீது இதெல்லாம்தான். பேர் எதுவா இருந்தாலும் சரி, எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். பாஸ்போர்ட், விசா, சி.எஃப்.ஓ. (வெளிநாடு போய்க் குடியேறறவங்களுக்கான பிலிப்பைன்ஸ் அரசு ஆபீஸ்) கவுன்சலிங் சர்டிஃபிகேட், டிக்கெட், நாலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி விசா பேப்பர் எல்லாம் பழைய பேர்ல ஓடிட்டு இருக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப் பேருக்கு மாத்திட்டாங்க, அப்புறம் ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு பாஸ்போர்ட்டும் கல்யாண சர்டிஃபிகேட்டும் காட்டி, ஃபார்மைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சி, இன்டர்வியூவே தள்ளிப் போச்சு. மாத்தறதா இருந்தா மனு போடறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, நடுவுல கை வைக்காதீங்க.

ஆனா நாங்க முடிவு பண்ணதுக்கு உண்மையான காரணம் விசா இல்ல, திரும்பி வர்ற வழி. பொறந்த பேர்ல இருந்து புருஷன் பேருக்கு எப்ப வேணா போகலாம், பத்து வருஷம் கழிச்சுக்கூட கல்யாண சர்டிஃபிகேட்டை நீட்டினா போதும். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்ல ஒரு தடவை புருஷன் பேர் ஏறிடுச்சுன்னா எறக்கறது அப்படி இல்ல. 2010-ல அவங்க சுப்ரீம் கோர்ட் ரெமோங்கிற பொண்ணு போட்ட வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, பேர் மாத்தறது பொண்ணோட இஷ்டம், ஆனா பாஸ்போர்ட்ல மாத்தின அப்புறம் கல்யாணம் நிலைச்சு இருக்கற வரைக்கும் பழைய பேர் கேட்க முடியாது, புருஷன் இறந்தாலோ, விவாகரத்து ஆனாலோ, கல்யாணம் செல்லாதுன்னு ஆனாலோதான் முடியும்னு. விவாகரத்தே பெரும்பாலும் இல்லாத நாடு அது, யோசிச்சுப் பாருங்க. 2024-ல வந்த புது பாஸ்போர்ட் சட்டம் திரும்ப மாத்திக்க வழி விட்டிருக்கு, நல்ல விஷயம். ஆனா 2018-ல அந்த வழி இல்ல, இப்பவும் திரும்பறதுன்னா பாஸ்போர்ட்டோட முடியாது, மத்த கார்டு எல்லாம் பின்னாடியே வரும்.

இதுல மேரி நர்ஸ் வேற. காலேஜ் மார்க் ஷீட், அங்கத்த நர்ஸிங் லைசென்ஸ், வேலை பாத்த ஆஸ்பத்திரி லெட்டர் எல்லாம் டெலா க்ரூஸ். இங்க வந்து என்க்ளெக்ஸ்ங்கிற நர்ஸிங் லைசென்ஸ் பரீட்சைக்குப் பதிவு பண்ணப்போ, பதிவுல இருக்கற பேரும் கையில கொண்டு போற அடையாள அட்டைப் பேரும் அப்படியே ஒத்துப் போகலன்னா உள்ள விட மாட்டோம், கட்டின 200 டாலரும் போச்சுன்னு போட்டிருந்தான். பரீட்சை அன்னிக்குக் காலைல கார்ல உக்காந்துகிட்டு அவ பாஸ்போர்ட்டையும் அனுமதிக் கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா விரல் வச்சுப் பாத்தா. எல்லாம் ஒரே பேரு. நிம்மதியா உள்ள போனா. அன்னிக்கே இந்த முடிவு எவ்வளவு சரின்னு எனக்கு உறைச்சிடுச்சு.

செலவுக் கணக்கும் இருக்கு. சோஷியல் செக்யூரிட்டி கார்டுல பேர் மாத்த காசு இல்ல, ஆனா கிரீன் கார்டு கைக்கு வந்த அப்புறம் மாத்தினா, புது கார்டு கேக்கற ஐ-90 ஃபார்முக்கு 2024 ஏப்ரல் கட்டணப்படி ஆன்லைன்ல 415 டாலர், பேப்பர்ல 465. பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்ல பழசுலயே பேரைத் திருத்தித் தர மாட்டாங்க, புது பாஸ்போர்ட்டே எடுக்கணும். நேர்ல வேற போகணும், டல்லஸ்ல இருந்து எங்களுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம் நாலு மணி நேர டிரைவ். அவளோட பாஸ்போர்ட் 2017-ல எடுத்தது, அஞ்சு வருஷ செல்லுபடி, 2022-ல புதுப்பிக்கப் போனப்போ பேர் பத்தி ஒரு கேள்வி வரல, சீக்கிரமே வெளிய வந்துட்டோம்.

எங்க அம்மாதான் இதுல எனக்கு ஆச்சரியம். ஃபோன்ல தயங்கித் தயங்கிச் சொன்னேன், "அவ அவங்க அப்பா பேரையே வச்சுக்கட்டும்ப்பா, நான் பட்டது போதாதா"ன்னாங்க. அம்மாவோட பள்ளிக்கூட சர்டிஃபிகேட்ல இனிஷியல் தாத்தா பேர்ல, ரேஷன் கார்டுல அப்பா பேர்ல. அப்பா போனதுக்கு அப்புறம் ஃபேமிலி பென்ஷனுக்கு ரெண்டும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் எடுக்க வெயில்ல நாலு நாள் அலைஞ்சாங்க. ஒரு எழுத்துக்கே அந்தப் பாடு.

மாத்திக்கற பக்கமும் நியாயம் இருக்கு, மறைக்கல. சொத்துப் பத்திரம், ரெண்டு தேச வாழ்க்கைன்னு எதுவும் இல்லாம, படிப்பு சர்டிஃபிகேட் தேவைப்படாத வேலைல இருந்து, மனு போடறதுக்கு முன்னாடியே மாத்திட்டா பெரிய தொந்தரவு கிடையாது. வீடு முழுக்க ஒரே பேர்ங்கறது பிலிப்பைன்ஸ் சொந்தக்காரங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்னு பக்கத்துல இருந்து பாத்தவன் நான். இல்ல, அமெரிக்க சிட்டிசன்ஷிப் எடுக்கறப்போ என்-400 ஃபார்ம்லயே பேர் மாத்திக்கலாம், தள்ளிப் போடறவங்களுக்கு அது நல்ல எடம். மேரி அதுக்கு இன்னும் விண்ணப்பிக்கல, மாத்துவாளான்னு அவதான் சொல்லணும்.

எங்க வழியில ஒரே இடத்துலதான் எனக்கு முழு தைரியம் இல்ல. மேரிக்கு ஒரு கடைசிப் பேர், எங்க பொண்ணுக்கு வேற கடைசிப் பேர், நான் கூட இல்லாம ரெண்டு பேரும் பறக்கும்போது யாராவது நிறுத்துவாங்களோன்னு. இதுவரைக்கும் ஒரே தடவைதான் அப்படி செபு போயிட்டு வந்திருக்காங்க, எங்கயும் கேக்கல, ஆனா ஒரு தடவையை வச்சு நான் எதுவும் உறுதியா சொல்ல மாட்டேன். பாப்பாவோட பர்த் சர்டிஃபிகேட் காப்பியும் நான் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் பைல வச்சுத்தான் அனுப்பினேன். பாப்பாவுக்கு அவங்க ஊர் முறையிலேயே பேர் வச்சோம், நடுவுல டெலா க்ரூஸ், கடைசில முருகேசன். போன மாசம் ஸ்கூல்ல பேர் எழுதச் சொன்னதுக்கு மூணையும் எழுத எடம் பத்தாம தாளைத் திருப்பி எழுதிட்டு வந்திருக்கா, மாமியார் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கி வச்சுக்கிட்டாங்க.