கை அறுவைக்கு லண்டனா, கோவையா?

கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போவது), ட்ரிக்கர் ஃபிங்கர் (மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வது) இரண்டுக்குமே அறுவை அரை மணிக்குள் முடிந்துவிடும். கை மரத்துப்போக ஒரு ஊசி, அன்றைக்கே வீடு. இதற்காக லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறக்கலாமா என்று யோசிப்பவர்கள் அறுவைக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய இரண்டு வாரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் செலவில்லை, காத்திருப்புதான். ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், பரிந்துரைத்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இலக்கு. அவசரமில்லாத அறுவைகள் அதைத் தாண்டுவது சகஜம். அதற்குள் இரவில் ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் பட்டை) போட்டுக்கொண்டோ, ஒரு ஸ்டீராய்டு ஊசியாலோ பலருக்குத் தொல்லை அடங்கிவிடுவதும் உண்டு. கட்டைவிரலின் அடிச்சதை வற்றுகிறது, மரப்பு நாள் முழுக்க விடவில்லை என்றால் மட்டும் வரிசையில் நிற்காதீர்கள். நரம்பு பழைய நிலைக்கு மீளாமலே போகலாம்.

லண்டன் தனியாரில் சீக்கிரம் முடியும், பில் சுடும். கட்டு நனைந்தாலும் காயம் சிவந்தாலும் அறுத்த டாக்டரிடமே போய்க் காட்டலாம்.

இந்தியாவில் கைத்திறனைப் பற்றிக் கவலையே வேண்டாம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கியது 1940களின் இறுதியில். சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா மருத்துவமனைகள் எல்லாம் கை அறுவைக்கே பேர்போனவை. சிக்கல் மற்றதில்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் இ-மெடிக்கல் விசா எடுக்கவேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. கோவைக்கு லண்டனிலிருந்து நேரடி விமானமும் கிடையாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை அங்கேயே தங்குவது நல்லது. திரும்பும்போது பெட்டியை அறுத்த கையால் தூக்கக்கூடாது. திட்டமிட்டுச் செய்துகொள்ளும் அறுவையைச் சாதாரணப் பயணக் காப்பீடு ஏற்காது. நரம்புப் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் கையோடு வாங்கிவந்தால்தான் இங்கே ஜிபிக்கு எதுவும் புரியும்.

இதற்கென்றே டிக்கெட் போடுவது வீண் என்பேன். எப்படியும் ஊருக்குப் போகிறீர்கள், அங்கே சமைத்துப்போட அக்காவோ சித்தியோ இருக்கிறார் என்றால் கோவைதான் என் தேர்வு. போன கையோடு அறுவையை முடித்துவிட்டுப் பிறகு கல்யாணம், கோயில் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் தையலோடுதான் விமானம் ஏறவேண்டும்.

இரண்டு கையிலும் தொல்லை இருப்பவர்கள் ஒரே பயணத்தில் இரண்டையும் அறுத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுவார்கள். முடியாததில்லை. ஆனால் சோறு ஊட்டிவிட மட்டுமல்ல, கழுவிவிடவும் ஆள் வேண்டும். சித்தியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.