சுங்கை சிப்புட்டில் மனு எழுதித் தரும் கடை: நாலு நட்சத்திரம், ஒன்று பிடித்தம்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மழைக்காற்றில் விழுந்ததாம், அதற்கப்புறம் மாட்டவேயில்லை என்று பக்கத்துப் பூமாலைக் கடைக்காரர் சொன்னார். கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: போட்டோஸ்டேட், லேமினேட், பாரம் நிரப்பித் தரப்படும். மூன்று மொழியில் எழுதி, மூன்றும் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெரிய சாலையில் காடியை நிறுத்த இடம் கிடைக்காது, மோட்டாரில் போங்கள். உள்ளே ஒரு மேசைக் காற்றாடி, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நகல் இயந்திரம். மூலையில் துணி போர்த்திய பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று. கடை நடத்தும் தங்கச்சியின் அப்பா அதை வைத்துத்தான் தோட்டத்து ஜனங்களுக்கு மனு அடித்துக் கொடுத்தாராம்.

நான் அங்கே போனது ஐசி (அடையாள அட்டை) நகல் எடுக்க அல்ல. ஒரு பதக்கம் விஷயமாக.

21 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். 1979ல் சேர்ந்து 2000ல் பென்ஷனோடு வெளியே வந்தேன். லாரி டிரைவர், கோப்ரல். 1992ல் ஐ.நா. படையோடு கம்போடியா போனேன். மலேசியாக்காரர்களுக்கு பட்டம்பாங் மாநிலத்தைக் கொடுத்திருந்தார்கள். லாரிக்கு வெள்ளைச் சாயம், தலைக்கு நீலத் தொப்பி, சாலை ஓரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. பலகையைத் தாண்டி ஒன்றுக்குப் போகக்கூடக் கால் வைக்கக்கூடாது, கண்ணிவெடி. தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேலான அகதிகள் ஊர் திரும்பிய காலம் அது. பானை, பாய், கோழிக்கூண்டு என்று வண்டி வண்டியாக வந்தார்கள். 1993 மே மாதம் தேர்தல் நடந்தது. தொண்ணூறு நாள் முடித்தவர்களுக்கு ஐ.நா. பதக்கம் உண்டு. எனக்கும் கொடுத்தார்கள், ஒரு சான்றிதழோடு. பச்சைக் கரை போட்ட நாடா. அலமாரியில் வேட்டிக்கு அடியில் முப்பது வருஷம் கிடந்தது.

போன வருஷம் கூட்டாளி ஒருவன் தவறிவிட்டான். அவனும் நானும் ஒரே லாரியில் பட்டம்பாங்குக்கும் புனோம் பென்னுக்கும் ஐந்தாம் நம்பர் சாலையில் ஓடியவர்கள். இறுதிச் சடங்கன்று பழைய பட்டாளத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து, அவனுடைய சேவைக் குறிப்பை ஒரு தாளிலிருந்து வாசித்தார்கள். சேர்ந்த தேதி, பிரிவு, மாற்றலான முகாம்கள், நீண்டகாலச் சேவைக்குக் கொடுத்த பதக்கம். கம்போடியா இல்லை. அவன் மனைவி பதக்கத்தைக் கையில் பொத்திக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாசித்தவரைக் குறை சொல்ல முடியாது, தாளில் இருந்ததைத்தானே வாசிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அதே ஓட்டை.

கம்போடியாவையும் சேர்க்கச் சொல்லி முதலில் நானே மலாயில் கையால் எழுதிப் பட்டாளத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒற்றை வரிப் பதில்: பதிவு கிடைக்கவில்லை. அடுத்து வேறொரு ஊரில் ஒரு கடையில் எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எழுதினேன். நல்ல தடித்த தாள், 'பெருமதிப்பிற்குரிய' என்று மூன்று இடத்தில் வந்தது. அதற்கும் அதே வரிதான் பதில். எழுத்துக்கூட மாறவில்லை. அந்தப் பெயர் தெரியாத அலுவலர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பேரப்பிள்ளைகள் படிக்க முடியாது.

இந்தக் கடைக்கு என்னை அனுப்பியவர் கோயில் செயலாளர். 'அந்தப் பொண்ணு கொஞ்சம் வாய், ஆனா வேலை சுத்தம்' என்றார். வாய்தான். நான் பையிலிருந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். உடனே கணினியைத் திறந்து அடிக்கத் தொடங்குவார் என்று பார்த்தால், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இருபது நிமிஷம். நடுவில் ஒரு பையன் பிறப்புப் பத்திர நகல் கேட்டு வந்தான், 'வெளியே நில்லு' என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி:

"அங்கிள், உங்கப்பா பேரு என்ன?"

சொன்னேன்.

"அப்ப கம்போடியாவுக்கு உங்கப்பாதான் போயிருக்காரு."

சான்றிதழை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கோப்ரல் என்று போட்டு, பக்கத்தில் என் அப்பா பெயர். அதற்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நான். முப்பது வருஷம் அதை வைத்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. வெளிநாட்டான் எப்போதும் அப்படித்தானே போடுவான் என்று விட்டிருக்கிறேன். அங்கே போன முதல் வாரம் ஒரு அதிகாரி என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் திரும்பியே பார்க்கவில்லை, திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கினேன். அது அப்போது ஞாபகம் வந்தது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயர், நடுவில் 'அனாக் லெலாக்கி' (மலாயில் 'மகன்'), அப்புறம் அப்பா பெயர். பட்டியல் தட்டியவன் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்து முழுசாகப் போட்டு, என் பெயரை ஒற்றை எழுத்தாக்கிவிட்டான். அதோடு நிற்கவில்லை. அப்பா பெயர் சாமியில் முடியும். ஐசியில் அந்தச் சாமிக்கு 'ஒய்', பட்டாளத்துப் பதிவில் 'ஐ', ஐ.நா. சான்றிதழில் 'எம்' ரெண்டு. என் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) சொல்லி எழுதியது வேறொரு தினுசு. நாலு காகிதத்தில் நாலு சாமி. பினாங்குத் தைப்பூசத்தைத் தாண்டி எங்கேயும் போகாத மனுஷன், விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஒரு நாள் பிந்தாத ரப்பர் பால்வெட்டுக்காரர், 1986ல் செத்துப் போனவர், ஆறு வருஷம் கழித்து ஐ.நா. லாரி ஓட்டியிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். தங்கச்சி சிரிக்கவில்லை. 'இதுல சிரிக்க என்ன இருக்கு, நம்பர் எங்க?' என்றார்.

நம்பர் என்றால் பட்டாளத்து நம்பர். சான்றிதழில் அது இல்லை. பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னால் ஐ.நா. சின்னம், பின்னால் அமைதிக்கான சேவையில் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விளிம்பில் ஒன்றுமில்லை. என் பெரியப்பா பிரிட்டிஷ்காரன் காலத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர், அவருடைய பதக்கத்தில் விளிம்பைச் சுற்றி நம்பரும் பெயரும் குத்தியிருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். கம்யூனிஸ்டுகளோடு நடந்த அவசரகாலச் சண்டைக்காக மலாயா என்று பட்டை போட்டுக் கொடுத்த அந்தப் பதக்கத்துக்குக் கணக்கு தொடங்குவதே எங்கள் ஊரில்தான்: 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட நாள். 1960 ஜூலை 31 வரை ஓடியது. அதைத் தொலைத்தாலும் கண்டெடுத்தவன் யாருடையது என்று சொல்லிவிடலாம். ஐ.நா. பதக்கம் அப்படி இல்லை. யார் சட்டையில் குத்தினாலும் அவனுடையதுதான்.

நம்பரைக் கண்டுபிடித்தது மஞ்சள் புத்தகத்தில். வெளிநாடு போகுமுன் தடுப்பூசி போட்டு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்களே, அது. குப்பை என்று நினைத்து நான் பையிலேயே விட்டிருந்தேன். அதில் என் பெயர் சரியாக, நம்பரோடு, 1992 முத்திரையோடு இருந்தது. 'அங்கிள், இதை வச்சுக்கிட்டா ரெண்டு தடவை சும்மா கடுதாசி போட்டீங்க?' என்றார். வாய் என்று சொன்னேனே.

பிறகு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார். லாரிக்கு முன்னால் நின்று எடுத்த படம், வண்டி நம்பர் தெரிய வேண்டும். கூட இருந்தவர்கள் ரெண்டு பேரிடம் கடிதம். கோலகங்சாரில் இருக்கும் பழைய சார்ஜனைப் போய்ப் பார்த்தேன், எழுந்து நடக்க முடியவில்லை, ஆனாலும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொருவன் சரவாக்கில் இருக்கும் இபான்காரன். வாட்ஸ்அப்பில் கேட்டேன், எழுதித் தபாலில் அனுப்பினான், கூடவே ஒரு பாக்கெட் மிளகும்.

கடிதத்தைச் சொல்ல வேண்டும். ஒரே பக்கம். பெருமதிப்பு எல்லாம் இல்லை. முதல் வரியில் நம்பர். இரண்டாம் பத்தியில், இந்தியர்களின் பெயரில் கடைசியில் வருவது தகப்பன் பெயர், ஆகவே இந்தப் பெயரில் இந்த நம்பரைத் தேடுங்கள் என்று நாலு எழுத்துமுறையையும் வரிசையாகப் போட்டிருந்தார். எனக்குப் பதக்கம் கொடுங்கள் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டீர்கள், எழுத மறந்துவிட்டீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நாலு பெயரும் ஒரே ஆள்தான் என்று 1960ஆம் வருஷச் சட்டப்படி ஒரு சத்திய வாக்குமூலமும் அடித்து, அதைச் சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட அனுப்பினார். 'வீட்ல போட்டுட்டு வந்துடாதீங்க அங்கிள், அவர் கண்ணு முன்னாடி போடணும்' என்று இரண்டு முறை சொன்னார். அதற்குப் பத்து வெள்ளி தனி.

நான் காத்திருந்த நேரத்தில் ஒரு கதை சொன்னேன். மலேசிய அரசாங்கம் 2004ல் பிங்காட் ஜாசா மலேசியா என்று ஒரு பதக்கம் ஏற்படுத்தி, சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே வந்து சண்டை போட்ட காமன்வெல்த் படையினருக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் அரசாங்கமோ தன் ஆட்களிடம், வாங்கிக்கொள்ளலாம், சட்டையில் குத்தக்கூடாது என்றது. ஆஸ்திரேலியாக்காரன் குத்திக்கொண்டான், வெள்ளைக்காரக் கிழவர்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மனு எழுதினார்கள், பிறகுதான் அனுமதி கிடைத்தது. தங்கச்சி நிமிராமல் தட்டிக்கொண்டே சொன்னார்: 'அவங்களுக்கும் ஒரு போட்டோஸ்டேட் கடை இருந்திருக்கும்.'

இனி பிடித்தம். ஒரு நட்சத்திரத்தைச் சும்மா குறைக்கவில்லை.

ஒன்று, ரசீது கொடுக்கமாட்டார், கேட்டால் முகம் போகும். மதியம் ஒரு மணிக்குப் பூட்டினால் எப்போது திறப்பார் என்று அவருக்கே தெரியாது. நான் ஒரு நாள் இரண்டரை வரை பூமாலைக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மல்லிகை எண்ணினேன். முதல் தடவை அடித்ததில் என்னை லான்ஸ் கோப்ரலாக இறக்கிவிட்டார். பட்டாளம் 21 வருஷத்தில் செய்யாத பதவியிறக்கம். சொன்னதும் திருத்தினார், ஆனால் கெட்டுப்போன அந்தத் தாளுக்கும் இருபது காசு கணக்கில் ஏற்றியிருந்தார். காசு பெரிதல்ல. எனக்கு அது மறக்கவில்லை.

மொத்தச் செலவு: கடிதமும் வாக்குமூலமும் அடிக்க முப்பத்தைந்து வெள்ளி, நகல்கள் நாலு வெள்ளி இருபது காசு, பதக்கத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து வண்ணத்தில் அச்சடிக்க ஐந்து. பதிவுத் தபால் நம் கையில்.

ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. நான் மறந்தே போன நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை உறை வந்தது. உள்ளே புதிய சேவைக் குறிப்பு. விருதுகள் என்ற பகுதியில் ஒரு வரி கூடியிருந்தது, கம்போடியா, 1992–1993. என் பெயர் முன்னால், நடுவில் 'அனாக் லெலாக்கி', அப்பா அவருக்குரிய இடத்தில் பின்னால். சாமிக்கு 'ஒய்'.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், அரைக் கிலோ லட்டும் வாங்கிப் போனேன். லட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தாளைத்தான் வாங்கினார். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். ஐசியை எடுத்துப் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம். 'ம்' என்றார். பிறகு கேட்காமலேயே மூன்று நகல் எடுத்து ஒன்றை லேமினேட் செய்தார். அதற்கு இரண்டு வெள்ளி அறுபது காசு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கூட்டாளியின் மனைவியை அழைத்துப் போகிறேன். அவன் மஞ்சள் புத்தகம் தைலப் பெட்டிக்குள் இருந்ததாம், தேடி எடுத்துவிட்டார். அவன் அப்பா பெயர் ஐசியில் எப்படி இருக்கிறது என்று போனில் எழுத்துக் கூட்டச் சொன்னேன். ஒரே பெயரில் 'எல்' மூன்று வருகிறது. சில்லறை நிறைய எடுத்துப் போகவேண்டும்.