பிக்கப்பில் கம்பெனி செட்டை நீங்களே மாற்றுவது: திரையா, ஸ்பீக்கரா, ஆம்பா?

பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வண்டி நிற்கும்போது, வண்டியோடு வரும் கம்பெனி செட்டில் பாட்டு சுமாராகவாவது கேட்கும். வேகம் 80-ஐத் தாண்டியதும் டிரம்மும் பேஸ் கிட்டாரும் காணாமல் போய்விடும், பாடுகிறவரின் குரல் மட்டும் மிஞ்சும். சத்தத்தைக் கூட்டினால் அந்தக் குரலும் காதைக் குத்தும். பெரிய டயர், கெட்டியான சஸ்பென்ஷன், தலைக்குப் பின்னாலேயே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி, இவையெல்லாம் கேபினுக்குள் அனுப்புவது பெரும்பாலும் கீழ்ஸ்தாயி இரைச்சல். பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் முதலில் மூழ்குவது அதுதான்.

இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு. ஹெட் யூனிட்டை, அதாவது டேஷ்போர்டில் இருக்கும் ரேடியோவை அல்லது திரையை, மாற்றலாம். கதவு ஸ்பீக்கர்களை மாற்றலாம். கம்பெனி திரையை அப்படியே விட்டு ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் தனிக் கருவி) சேர்க்கலாம். சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) வைக்கலாம். பெரும்பாலானோர் முதலில் ஹெட் யூனிட்டைத்தான் மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இன்று கேட்டால் வேறு வரிசை சொல்வேன்.

ஹெட் யூனிட்: வசதி கூடும், சத்தம் கூடாது

புது ஹெட் யூனிட்டின் பெட்டியில் 50 × 4 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை நம்பி வாங்க வேண்டாம். தனி ஆம்ப் இல்லாத ஹெட் யூனிட் பேட்டரி கொடுக்கும் மின்னழுத்தத்தில்தான் ஓட வேண்டும். இன்ஜின் ஓடும்போது அது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. உள்ளே நடக்கும் இழப்பைக் கழித்தால் 18, 20 வாட்தான். கம்பெனி செட்டும் ஏறக்குறைய இதையேதான் தருகிறது. திரையை மட்டும் மாற்றிவிட்டு 'பெரிய வித்தியாசம் தெரியவில்லையே' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வேறு லாபங்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வரும். ஆம்ப் சேர்க்க, அதற்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்.சி.ஏ. வெளியீடு கிடைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கதவு ஸ்பீக்கருக்குப் போகும் பேஸை 80 ஹெர்ட்ஸில் வெட்டிவிடும் ஹை பாஸ் ஃபில்டர். ஒரே அளவு சத்தத்துக்கு, ஸ்வரம் ஒரு ஆக்டேவ் இறங்கினால் ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அந்தச் சுமையை எடுத்துவிட்டால் பழைய ஸ்பீக்கரே கொஞ்சம் தெளிவாகப் பாடும்.

வண்டி பழையதாக, டேஷ்போர்டில் 180 × 50 அல்லது 180 × 100 மி.மீ. அளவில் செவ்வகத் துளையோடு இருந்தால் (முதலாவது சிங்கிள் டின், இரண்டாவது டபுள் டின்) வேலை சுலபம். வண்டிக்கேற்ற அடாப்டர் ஒயரிங்கை வாங்கி மேசையில் வைத்தே இணைத்துவிடுங்கள். கம்பெனி கனெக்டரை வெட்ட வேண்டாம். புது செட்டின் ஒயர்களில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு கிரவுண்டு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் செட் எல்லா அமைப்புகளையும் மறந்துவிடும். ஸ்பீக்கர் ஒயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

புது வண்டிகளில் கதை வேறு. ஏசி, பின்பக்கக் கேமரா, வண்டியின் அமைப்புகள் எல்லாம் அதே திரைக்குள் இருக்கும். சில பிக்கப்களில் சீட் பெல்ட் போடாததற்கும் கதவு திறந்திருப்பதற்கும் வரும் எச்சரிக்கை மணிகூட ரேடியோ வழியாகத்தான் ஒலிக்கிறது. அந்த யூனிட்டைக் கழற்றினால் மணியும் போய்விடும். இதற்கெல்லாம் இடைமுகக் கருவிகள் உண்டு. ஆனால் ஸ்டீயரிங் பட்டன், கேமரா, மணி என்று ஒவ்வொன்றாக மீட்டெடுக்கவே ஒரு வார இறுதி போய்விடும், அப்புறமும் பாட்டு அதே பாட்டாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் திரையைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன்.

ஸ்பீக்கரும் கதவும்

கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மெல்லிய காகிதக் கோன், சின்னக் காந்தம், பிளாஸ்டிக் சட்டம். எடை என்றே சொல்ல முடியாது. இதை மாற்றினால் வித்தியாசம் உடனே கேட்கும். ஆனால் எதை வாங்குவது என்பதில் தவறு நடக்கிறது. பெட்டியில் இருக்கும் அதிகபட்ச வாட்டைப் பார்க்காமல் சென்சிடிவிட்டி (ஒரே அளவு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) என்ற எண்ணைப் பாருங்கள். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும். 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுப்பதும், 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுப்பதும் ஒன்றுதான். ஆம்ப் சேர்க்கப் போவதில்லை என்றால் விலை உயர்ந்த, கனமான ஸ்பீக்கர் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

ஓம் கணக்கையும் பாருங்கள். கம்பெனி ஆம்ப் உள்ள சில வண்டிகளில் ஸ்பீக்கர்கள் 2 ஓம். அங்கே 4 ஓம் போட்டால் சத்தம் குறையும். மாறாக 4 ஓமுக்காகச் செய்த செட்டில் 2 ஓம் போட்டால் உள்ளே இருக்கும் சிப் சூடாகும்.

கோஆக்சியலா, காம்போனென்ட்டா? முதலாவதில் ட்வீட்டர் (மேல்ஸ்தாயி ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே இருக்கும், இரண்டாவதில் தனியாக வரும். டேஷ்போர்டிலோ கண்ணாடித் தூணிலோ ட்வீட்டருக்கு ஏற்கெனவே இடம் இருந்தால் காம்போனென்ட்தான். கதவின் அடியில் இருக்கும் கோஆக்சியல் உங்கள் முழங்காலுக்குத்தான் பாடும். மேல்ஸ்தாயி ஒலி நேராகப் பாய்வது, வளைந்து காதுக்கு வராது. அப்படி இடம் இல்லாத வண்டியில் கோஆக்சியலே போதும். பின் கதவு ஸ்பீக்கரை மாற்ற அவசரம் வேண்டாம், அதற்கு ஆகும் செலவை முன்பக்கத்தில் போடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கதவு பேனலைக் கழற்றினால் உள்ளே இரும்புத் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள், அவற்றை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. அந்த இரண்டு அலைகளும் ஓட்டை வழியே சந்தித்தால் கீழ்ஸ்தாயியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் போட்டாலும் பேஸ் வராததன் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. ஓட்டைகளைத் தகட்டாலோ அதிர்வை அடக்கும் கெட்டியான டேம்பிங் ஷீட்டாலோ மூடி, வெளித் தகட்டின் உள்பக்கத்தில் பியூட்டைல் (ரப்பர் வகை) ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டினால் கதவு ஒரு பெட்டியாகவே மாறிவிடும். தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. விரலால் தட்டினால் 'டங்' என்று கேட்டது 'டப்' என்று மாறினால் போதும். ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டுங்கள், அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அது இருந்தால் கதவின் அமைப்பை மாற்றும் முன் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

என் வண்டியில் புது ஸ்பீக்கர் போட்ட அன்று சத்தம் முன்பைவிட மெலிந்துபோனது. குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகு பார்த்தால், ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுத்தது, பேஸ் செத்துப்போனது. அப்போதிருந்து ஒவ்வொரு ஒயரையும் 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு நொடி தொட்டுப் பார்க்கிறேன். கோன் வெளியே வந்தால் சரி.

கம்பெனி திரை இருக்கட்டும், ஆம்ப் சேரட்டும்

புது வண்டிக்கு என் கை போவது இந்தப் பக்கம்தான். கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கொள்ளும் டி.எஸ்.பி. ஆம்புகள், அதாவது ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் வசதி உள்ள ஆம்புகள், இருக்கின்றன. சாதாரண ஆம்பையும் இப்படி இணைக்கலாம். ஆனால் பல கம்பெனி செட்டுகள் சத்தம் கூடக் கூட பேஸைத் தாங்களாகவே குறைக்கின்றன, மலிவான ஸ்பீக்கர் கிழியாமல் இருப்பதற்காக. சாதாரண ஆம்ப் அந்தக் குறையையும் சேர்த்தே பெருக்கும். டி.எஸ்.பி. இருந்தால் அதை ஓரளவு நிமிர்த்தலாம்.

டி.எஸ்.பி.யின் உண்மையான பரிசு நேரச் சீரமைப்பு. ஓட்டுகிறவரின் காதுக்கு ஒரு ஸ்பீக்கர் 90 செ.மீ., மற்றது 150 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 60 செ.மீ. வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 1.75 மில்லிநொடி. கிட்டத்தில் இருக்கும் ஸ்பீக்கரை அவ்வளவு நேரம் தாமதப்படுத்தினால், இதுவரை கதவு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த குரல் கண்ணாடிக்கு நடுவே வந்து நிற்கும். முதல்முறை கேட்டபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதே பாட்டை மூன்று தடவை போட்டேன்.

உழைப்பு இதில்தான் அதிகம். மொத்தம் 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) உள்ள கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப், 80 சதவீதத் திறனில், 13.8 வோல்ட்டில் உச்சத்தில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் ஒயர், அதாவது 21 சதுர மி.மீ., வேண்டும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவான ஒயர் அதே தடிமனில் சுத்தத் தாமிரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். அதை வாங்கினால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது ஆம்பை மட்டுமில்லை, வண்டியின் நீளத்துக்கு ஓடும் அந்த ஒயரை. இன்ஜின் பக்கமிருந்து கேபினுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விட்டால், தகடு ஒயரின் தோலை அறுத்து ஒரு நாள் தீப்பிடிக்கும். இதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். கிரவுண்டு ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முறுக்குங்கள். ஆக்ஸிலரேட்டர் ஏற ஏற ஸ்பீக்கரில் சீழ்க்கை கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடம்தான்.

சப்வூஃபர்: எந்த வழியில் போனாலும்

பிக்கப்பில் டிக்கி கிடையாது. பின் சீட்டுக்கு அடியிலோ அதன் முதுகுக்குப் பின்னாலோதான் இடம். ஆம்ப் உள்ளேயே இருக்கும் 8 அங்குல சீட்டடிப் பெட்டி ஒன்று, 10 அங்குல ஷாலோ (ஆழம் குறைந்த) ஸ்பீக்கரை மூடிய பெட்டியில் வைத்துத் தனி ஆம்ப் கொடுப்பது இன்னொன்று. முதலாவதை அரை நாளில் பொருத்திவிடலாம். ரோடு இரைச்சலுக்கு மேலே பேஸை எழுப்ப அது போதும், ஆனால் மிகவும் ஆழமான ஸ்வரங்களில் மூச்சு வாங்கும். இரண்டாவது நெஞ்சில் தெரியும். போர்ட் (காற்று போய்வரும் திறப்பு) வைத்த பெட்டி வேண்டாம் என்பது என் கருத்து. சின்ன கேபின் தானாகவே ஆழ்ந்த பேஸைத் தூக்கிக் கொடுக்கும், மூடிய பெட்டியின் மெதுவான சரிவு அதோடு ஒத்துப்போகும். போர்ட் பெட்டிக்கு இடமும் அதிகம் வேண்டும், கவனமில்லாமல் அமைத்தால் ஒரே ஸ்வரம் ஊளையிடும்.

இன்னும் இரண்டு விஷயம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் பல பிக்கப்களில் பின் சீட்டுக்கு அடியிலோ பின்னாலோதான் இருக்கும், பெட்டியை அளக்கும்போது அதை மறக்காதீர்கள். சேறும் ஈரமும் ஏறும் வேலை வண்டி என்றால் பெட்டியையும் ஆம்பையும் தரையிலிருந்து ஒரு மரப்பலகை மேல் தூக்கி வையுங்கள். இன்ஜின் இரைச்சலைக் குறைக்க மேற்கூரையில் மைக் வைத்த வண்டிகளும் உண்டு. சப்பின் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அது எதிர்ச் சத்தம் போடும், பேஸ் கரகரவென்று அலையும். அப்படி நடந்தால் அந்த வசதியை நிறுத்த வேண்டியிருக்கும்.

ஆக, பழைய வண்டி, டபுள் டின் துளை: ஹெட் யூனிட், முன் ஸ்பீக்கர், கதவு ஷீட், சீட்டடி சப். பெரிய திரை உள்ள புது வண்டி: டி.எஸ்.பி. ஆம்ப், முன் காம்போனென்ட், கதவு ஷீட், முடிந்தால் 10 அங்குல சப். கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றால் சப்பும் கதவு ஷீட்டும் மட்டும் போதும், கம்பெனி ஸ்பீக்கரோடுகூட. இதைப் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் ரோடு விழுங்குவது கீழ்ஸ்தாயியை, முதலில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகு பேனலில் கை வையுங்கள். ஏர்பேக் கனெக்டர் எதையாவது பிரித்திருக்கும்போது சாவியைப் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து அப்படியே நிற்கும். கடைசியில் பேனல் கிளிப்புகளை அடிக்கும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். புது ஸ்பீக்கரின் காந்தத்தில் கண்ணாடி இடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் நேரம்.