பாண்டி ரோடு டீக்கடை: மறியல்ல மாட்டினதால கிடைச்ச இட்லி வடகறி (5க்கு 4)

கடைக்கு பேர் போர்டு கூட இல்லைங்க. திண்டிவனத்துல இருந்து பாண்டி போற ரோட்ல கிளியனூர் தாண்டினா ஒரு புளியமரம், அதுக்கு கீழ கீத்துக்கொட்டாய், அவ்ளோதான் அடையாளம். நானா தேடிப்போன கடை இல்ல, காலி குடத்தோட பொம்பளைங்க ரோட்ல உக்காந்துட்டாங்க, எங்க பஸ் சரியா கடை வாசல்ல நின்னுச்சு, ரெண்டேகால் மணி நேரம் வேற என்னதான் பண்றது.

டீ செம. இஞ்சி தட்டிப்போட்டு திக்கா குடுத்தாரு, பால்ல தண்ணியே இல்லயேன்னு கேட்டா "ஊர்லயே இல்ல, பால்ல எங்க கலக்குறது"ன்னு சிரிக்கிறாரு. இட்லி சுமார், நேத்து மாவு போல லேசா புளிச்சிருந்துச்சு, ஆனா வடகறி இருக்கே, அதுக்காகவே இன்னொரு தடவ அந்தப் பக்கம் போலாம். நாலு பஸ் ஜனம் வந்து மொய்ச்சும் வெல ஒரு ரூபா ஏத்தல. எல்லாமே பேப்பர் பிளேட்தான், தட்டு கழுவ தண்ணி கிடையாது.

இவரு யாவாரத்துக்காக மறியல்னா சந்தோஷப்படுறவரோன்னு மொதல்ல நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, ரோட்ல மொத வரிசைல குடத்து மேல உக்காந்திருக்கிறதே அவரு சம்சாரம்! ஊருக்கு தண்ணி குடுக்குற போர்வெல் மோட்டார் கருகி பன்னெண்டு நாளாச்சாம், மனு குடுத்து ஓஞ்சுட்டாங்களாம்.

எங்க பஸ்ல வந்த ஒருத்தரு சட்டம் பேசினாரு, டெல்லி ஷாஹீன்பாக் மறியல் கேஸ்ல 2020லயே சுப்ரீம் கோர்ட் பொது ரோட்ட காலவரையில்லாம மறிக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சுன்னு. கடைக்காரரு டீ ஆத்திக்கிட்டே "எங்களுக்கு காலவரை இருக்கு சார், மோட்டார் வர்ற வரைக்கும்"னாரு. அவருக்கு இதெல்லாம் புதுசு இல்ல. 1987 செப்டம்பர்ல வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடத்துன மறியல் இந்தப் பக்கம் பூரா மரத்த வெட்டிப் போட்டு வண்டிய நிறுத்துனது, அப்போ பையனா இருந்தவரு. 21 பேர் செத்தாங்க, 1989ல மிகவும் பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்துச்சு, செத்தவங்களுக்கு விழுப்புரத்துல 2025ல மணிமண்டபமும் தொறந்தாச்சு. ஆனா 2020 டிசம்பர்ல பெருங்களத்தூர்ல ரயில் மேல கல்லெறிஞ்ச போராட்டத்துக்கு அப்புறம் வந்த, வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தர்ற சட்டத்த ஹைகோர்ட் ரத்து பண்ணி, 2022 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லாதுன்னு சொல்லிடுச்சே அண்ணேன்னேன். "அது கோர்ட்டு, இது குடம்"னுட்டு அடுத்த டீக்கு போயிட்டாரு.

சிரிச்சேன், ஆனா எனக்கு மனசு ஒப்பல. ஆம்புலன்ஸ் வந்தப்ப அந்தப் பொம்பளைங்களே எந்திரிச்சு குடத்த நகத்தி வழி விட்டாங்க, நல்லதுதான். ஆனா எங்க பஸ்ல பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஓபி சீட்டு போடப் போன ஒரு வயசான அம்மா, காலையிலயே சீட்டு முடிஞ்சிரும்னு பொலம்பிக்கிட்டே இருந்தாங்க, அவங்க வந்தது ஆம்புலன்ஸ்ல இல்லயே, டவுன் பஸ்லதான? மோட்டார மாத்தாத ஆபீசர் அன்னைக்கு ஒரு நிமிஷம் கூட லேட்டாகலங்க. பாதி ரோட்ட மட்டும் மறிச்சிருக்கலாம்னு கடைக்காரர்ட்ட சொன்னேன், பாதிய மறிச்சா பாதி ஆபீசருதான் வருவாருன்னாரு. பதில் சொல்லத் தெரியல.

பத்தரைக்கு பீடிஓ (வட்டார வளர்ச்சி அதிகாரி) ஜீப் வந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள புது மோட்டார்னு இன்ஸ்பெக்டர் முன்னாடி சொன்னாரு, எல்லாரும் எந்திரிச்சாங்க. பன்னெண்டு நாள் மனுவுக்கு வராதவரு ரெண்டேகால் மணி நேரத்துல வந்துட்டாரு, அத நான் கண்ணால பாத்தேன். அந்த அம்மாவுக்கு டீக்கு காசு வாங்கல கடைக்காரரு.

ஒரு ஸ்டார் குறைச்சது இட்லிக்கு. ஜிபே இருக்கு, சில்லறை பிரச்சன இல்ல. பாத்ரூம் கிடையாது, லேடீஸ் திண்டிவனத்துலயே போயிட்டு வந்துருங்க. கை கழுவ பாட்டில் தண்ணி நீங்களே கொண்டு போறது நல்லது, நான் போன மாசம் திரும்ப போனப்ப மோட்டார் ஓடுது, ஆனா கடைக்கு இன்னும் பைப் வரல.